பலகைக்கு அடியில்

கண்ணுக்குத் தெரியும் வேலையைச் செம்மையாகச் செய்வோர் பலர். அதற்குப் பாராட்டு உண்டு. பழிச்சொல்லுக்கு அஞ்சியேனும் மனிதன் அதனைத் திருத்தமாகச் செய்து முடிப்பான். கண்ணுக்குத் தெரியாத வேலையை எதற்காகச் செம்மையாகச் செய்ய வேண்டும்? இவ்வினா மிகப் பழையது. மனச்சான்றே பெருஞ்சான்று என்பதே சான்றோர் இதற்குக் கூறிய விடை. வகுப்பறையில் மாணவர்க்குச் சொல்லப்படுவதும் அதுவே. அவ்விடை பொய்யன்று. ஆயினும் அது மட்டும் போதுமா என்பதை ஆராய்வதற்கு ஏற்ற எளிய பொருள் ஒன்று உண்டு. இங்கிலாந்து நாட்டுப் பழைய வீடுகளில், குளிர்காற்று மேலே ஏறாதபடி தரைப்பலகைகளுக்கு அடியில் பஞ்சு பொதிக்கும் வேலையே அது.

வெப்ப நாட்டில் பிறந்து வளர்ந்தவர்க்கு இப்பொருள் வியப்பாகத் தோன்றலாம். மலேசியக் கம்பங்களில் மலாய் மக்கள் கட்டிய பழைய வீடுகள் தூண்களின்மேல் நிற்பவை. அவற்றின் அடியில் காற்று தாராளமாக ஓடும். பலகை இடுக்குகளின் வழியே மேலே வந்து, பாயில் படுத்திருப்பவரின் உடலைக் குளிர்விக்கும். இங்கு அடித்தளக் காற்று விருந்தினர். இங்கிலாந்திலோ, சனவரித் திங்களின் இரவில், அதே காற்று அழையாமல் நுழையும் திருடன்.

அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு 1919-ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்டவை. விக்டோரியா அரசியார் காலத்தில் தெருத்தெருவாக எழுந்த செங்கல் வரிசை வீடுகள் இவற்றுள் மிகுதி. இவ்வீடுகள் பலவற்றின் கீழ்த்தளத் தரை மண்ணின்மேல் படிந்திருப்பதில்லை. மண்ணுக்குச் சற்று உயரத்தில், குட்டைச் சுவர்களின்மேல் மரத் தாங்குகட்டைகளைக் கிடத்தி, அவற்றின்மேல் பலகைகளை ஆணியால் அறைந்திருப்பர். பலகைக்கும் மண்ணுக்கும் இடையே இருண்ட வெற்றிடம் ஒன்று இருக்கும். சில வீடுகளில் அது ஓர் அடி ஆழமே. சிலவற்றில் மனிதன் ஊர்ந்து செல்லலாம். அவ்வெற்றிடத்துக்குள் காற்று வந்து போவதற்கென வெளிச்சுவரின் அடியில், முன்புறத்திலும் பின்புறத்திலும், துளையிட்ட செங்கற்களைப் பதித்திருப்பர். உள்ளே உள்ள குட்டைச் சுவர்களையும் தேன்கூடு போல இடைவெளி விட்டே கட்டியிருப்பர். ஒரு பக்கம் புகுந்த காற்று மறுபக்கம் வெளியேற வேண்டும் என்பதற்காகவே இத்தனை ஏற்பாடும். மண்ணிலிருந்து எழும் ஈரத்தை அக்காற்று வாரிக்கொண்டு போகும், மரம் உலர்ந்திருக்கும்.

அக்காலத்துத் தச்சரையும் கொத்தரையும் அறியாதவர் என எள்ளுவது தவறு. பலகை இடுக்குகளில் குளிர்காற்று நுழைவதை அவர்கள் உணராமல் இல்லை. ஆனால், அறைதோறும் நிலக்கரி எரிந்த காலம் அது. நெருப்புக்குக் காற்று வேண்டும். புகைபோக்கி மேலிருந்து இழுக்க, தரையின் இடுக்குகள் கீழிருந்து ஊட்டின. வீடு முழுவதும் ஒரு பெரிய மூச்சுக்குழாயாக இயங்கியது. முகம் கனலவும் முதுகு குளிரவும் மக்கள் அடுப்பைச் சுற்றி அமர்ந்திருந்தனர். பின்னர்க் காலம் மாறியது. 1952-ஆம் ஆண்டு திசம்பரில் இலண்டன் மாநகரைக் கவிந்த நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. நிலக்கரி அடுப்புகள் படிப்படியாக அவிந்தன. சுடுநீர்க் குழாய்களால் அறைகளைச் சூடாக்கும் முறை பரவியது. புகைபோக்கிகளின் வாயை அடைத்தனர். நெருப்புப் போயிற்று; நெருப்புக்கு உணவான காற்று மட்டும் போகவில்லை. காரணம் மறைந்த பின்னும் ஏற்பாடு நிலைத்திருப்பது வீடுகளில் மட்டும் நிகழ்வதன்று என்பதைப் பள்ளிக்கூடங்களை அறிந்தோர் அறிவர்.

நிற்க. ஒரு வீடு இழக்கும் வெப்பத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு தரையின் வழியே போகிறது எனப் பொதுவாகக் கணக்கிடுவர். சுவரோடும் கூரையோடும் ஒப்பிட்டால் இது பெரிதன்று. எனினும், கணக்கு வேறு. உடல் அறிவது வேறு. கூரை வழியே போகும் வெப்பத்தை யாரும் உணர்வதில்லை. தரை வழியே வரும் குளிரைத் தவழும் குழந்தையின் முழங்கால் உணரும். நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவரின் கணுக்கால் உணரும். குளிர் நாடுகளில் வீட்டினுள் வெப்பநிலை 18 பாகை செல்சியசுக்குக் குறையாதிருத்தல் நலம் என உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் அறிவுறுத்தியது. அந்த அளவை எட்டுவதற்குப் போதிய பணம் இல்லாதவர்கள் செல்வம் மிக்க அந்நாட்டிலும் இருக்கிறார்கள். பழைய வீட்டில் தரைவிரிப்பை உரித்தால், அதன் கீழ் நாளிதழ்கள் அடுக்கடுக்காகக் கிடப்பதுண்டு. ஏதோ ஓர் ஆண்டின் குளிர்காலத்தில், வேறு வழியறியாத ஒரு குடும்பம் செய்துகொண்ட காப்பு அது.

இக்காலத்து வேலையின் முறை இது. ஊர்ந்து செல்ல இடம் இருப்பின் அடியிலிருந்தும், இல்லையேல் பலகைகளைப் பெயர்த்து மேலிருந்தும் செய்வர். தாங்குகட்டைகளுக்கு இடையே வலையைத் தொட்டில் போலத் தொங்கவிட்டு, அதில் கனிமப் பஞ்சினைக் கட்டையின் உயரத்துக்கு நிரப்புவர். பஞ்சைக் காற்று அரிக்காமலும், அதேவேளையில் ஈரம் உள்ளே அடைபடாமலும் இருப்பதற்காக, நீராவியை வெளியே விடும் படலம் ஒன்றை அடிப்புறத்தில் இழுத்துக் கட்டுவதும் உண்டு. சுவரோரத்து இடுக்குகளை அடைப்பர். பஞ்சுக்குக் கீழே நீர்க்குழாய் ஓடுமாயின் அதற்குத் தனியே உறை போட வேண்டும். அறையின் கசிவு வெப்பம் இனி அதற்குக் கிட்டாது, உறைபனியில் வெடித்துவிடும். சொல்வதற்கு எளிது. செய்பவரோ முகமூடி அணிந்து, நூறாண்டுத் தூசியில், விளக்கொளியில், மல்லாந்து கிடக்கிறார். கைக்கெட்டும் நடுப்பகுதியில் பஞ்சு நன்றாகப் பொருந்துகிறது. மூலைகளே தொல்லை. கை எட்டாத மூலையில் ஒரு சாண் இடைவெளி விட்டால் யாருக்குத் தெரியும்? பலகை மூடியவுடன் முழுவதும் செம்மையான வேலைக்கும் முக்காலே செம்மையான வேலைக்கும் தோற்றத்தில் வேறுபாடு இல்லை. விலைச்சீட்டிலும் இல்லை.

கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில் ஒரு கதையை அமைத்திருக்கிறார். லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்கு மோதிரம் ஒன்று கிடைக்கிறது. அதன் முகப்பை உள்நோக்கித் திருப்பினால் அவன் பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவன் அரசியை வயப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டைக் கவர்கிறான். அத்தகைய மோதிரம் கிடைத்த பின்னும் நேர்மையாக இருப்பவன் உண்டோ என்பது அக்கதையில் வரும் வினா. தரையடி வேலையில் இக்கதை தலைகீழாகிறது. இடையன் மறைந்திருந்தான், அவன் செயல் வெளிப்பட்டது, அரசன் இறந்ததை நாடே அறிந்தது. இங்கோ செய்தவரின் பெயர் விலைச்சீட்டிலேயே இருக்கிறது, செயல்தான் மறைந்துவிடுகிறது. இருபது ஆண்டு கழித்துப் பலகை அமுங்கும்போதுதான் அது வெளிப்படும். மறைந்திருக்கும் மனிதன் தான் செய்வது இன்னதென்று அறிவான். மறைந்திருக்கும் செயலையோ, செய்தவனே அறியாதிருத்தல் கூடும். பிளேட்டோவின் கதையில் இல்லாத இடர்ப்பாடு இது.

அஃது எவ்வாறு எனில், பழைய வீட்டில் இரண்டு காற்றுகள் உண்டு. ஒன்று, பலகை இடுக்குகளின் வழியே அறைக்குள் ஏறும் காற்று. மற்றொன்று, துளைச் செங்கல் வழியே புகுந்து தரைக்கடியில் ஓடும் காற்று. முன்னதை அடைக்க வேண்டும். பின்னதை அடைத்தல் ஆகாது. இரண்டும் ஒரே காற்றுத்தான். ஒரே துளையில் புகுந்து, ஒரே இருட்டில் தவழ்ந்து, பலகைக்கு மேலே வந்தால் பகையாகவும் கீழே ஓடினால் நட்பாகவும் ஆகிறது. இதனை அறியாத நல்லவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். தாய் குளிரில் நடுங்குகிறாள். மகன் வீட்டைச் சுற்றி வருகிறான். சுவரின் அடியில் துளைகள் தெரிகின்றன. கையை வைத்தால் குளிர்காற்று இழுக்கிறது. குளிரின் வாயைக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் சிமெண்டு குழைத்து எல்லாவற்றையும் பூசி மூடுகிறான். அன்றிரவே வீடு சற்று வெதுவெதுப்பாகிறது. தாய் மகனை வாழ்த்துகிறாள்.

தரைக்கடியில் ஈரம் தங்குகிறது. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கைத் தாண்டினால் அழுகல் தொடங்கும் அபாயம் உண்டு. அந்நாட்டு மரவேலையாளர் மிகவும் அஞ்சும் பூசணத்திற்குச் செர்ப்புலா லாக்ரிமன்சு என்று பெயர். இலத்தீன் பெயரின் பின்பாதி கண்ணீர் வடிப்பது எனப் பொருள்படும். அதன் மேனியில் நீர்த்துளிகள் அரும்பி நிற்பதால் வந்த பெயர். அதன் நுண்ணிழைகள் செங்கல் சுவரையும் கடந்து அடுத்த மரத்தைத் தேடிச் செல்லும் ஆற்றல் உடையவை. இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. பஞ்சு பொதிக்காத பழைய தரையில் அறையின் வெப்பம் கீழே கசிந்து, தாங்குகட்டைகளை ஓரளவு உலர்த்தி வந்தது. பஞ்சு பொதித்த பின் அவ்வெப்பம் மேலேயே நின்றுவிடுகிறது. கட்டையின் அடிப்பாகம் முன்னிலும் குளிர்ந்து, ஈரத்தை முன்னிலும் எளிதாக ஏற்கிறது. ஆகவே, காப்புச் செய்த தரைக்கே காற்றோட்டம் மிகுதியாக வேண்டும். காப்புப் பொதிந்த புதிய மரத்தரைக்கும் அதன் அடியில் குறைந்தது 150 மில்லிமீட்டர் காற்றோட்ட வெளியும், தரைப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் குறைந்தது 500 சதுர மில்லிமீட்டர் அளவு திறப்பும் இருத்தல் வேண்டும் என இங்கிலாந்தின் கட்டட வழிகாட்டி கூறுவது இதனால்தான்.

துளைகளை அடைத்த மகனிடம் மனச்சான்று இல்லையா? உண்டு. அன்பு இல்லையா? அன்பினால்தான் அடைத்தான். அவனுடைய மனச்சான்று அவனைக் குத்தவில்லை. குத்த வேண்டிய இடம் எதுவென்று அதற்குத் தெரியாது. மனச்சான்று தனக்குத் தெரிந்ததற்கு மட்டுமே சாட்சி சொல்லும். தெரியாததைக் குறித்து அது நிம்மதியாக உறங்கும். நல்லெண்ணம் இருந்தால் போதும், மற்றவை தாமே வரும் என்று மேடைகளில் முழங்குவோர் இம்மகனின் வீட்டுத் தரையில் பத்தாண்டு கழித்து நடந்து பார்க்க வேண்டும். தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்வது அறிவின் வேலை மட்டுமன்று. அதுவே அறத்தின் முதல் வேலை. பிறர் குடியிருக்கும் வீட்டில் கை வைப்பவர்க்கும், பிறர் பிள்ளைக்குப் பாடம் சொல்பவர்க்கும் அறியாமை ஒரு சாக்கு ஆகாது.

தனிமனிதரிடம் நிகழ்வது நாட்டளவிலும் நிகழ்கிறது. பிரிட்டனின் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2025 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அரசின் இரு திட்டங்களின்கீழ் 2025 சனவரி நடுப்பகுதி வரை வெளிச்சுவருக்கு வெப்பக்காப்புப் பொருத்திய வீடுகளுள் நூற்றுக்கு 98, பெருங்குறைகளைச் சரிசெய்ய வேண்டிய நிலையில் உள்ளன என மதிப்பிட்டது. எண்ணிக்கையில் 22,000 முதல் 23,000 வீடுகள். உட்சுவருக்குச் செய்தவற்றுள் நூற்றுக்கு 29. இவை சுவர்கள், தரைகள் அல்ல. ஆயினும் இரண்டும் மூடி மறைக்கும் வேலைகளே. திறன் குறைந்த பணியாளர், ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிய ஒப்பந்தம், எந்த வேலைக்கு எந்த விதி என்ற தெளிவின்மை, தளர்ந்த மேற்பார்வை என அவ்வறிக்கை காரணங்களை எடுத்துரைத்தது. குறுக்குவழி தேடியோரும் அதில் இருந்தனர். ஆனால் அத்தனை பேரும் வஞ்சகர் என நம்புவது கடினம். பெரும்பாலோர் மாலையில் வீடு திரும்பும்போது நல்ல வேலை செய்ததாகவே எண்ணியிருப்பர். ஆஸ்திரேலியாவில் நேர்ந்தது இதனினும் கொடிது. 2009-இல் அந்நாட்டு அரசு கூரைகளுக்குக் காப்புப் பொருத்தும் திட்டத்தைப் பெருவேகத்தில் தொடங்கிற்று. ஓராண்டுக்குள் இளந்தொழிலாளர் நால்வர் கூரைக்கடியில் உயிரிழந்தனர். 2010-இல் திட்டம் கைவிடப்பட்டது.

மேற்பார்வை என்றால் நல்ல தொழிலாளியை அவமதிப்பது என்று கருதுவோர் உண்டு. நேர்மையாளனின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது இழிவாம். அரசுத் தேர்வு விடைத்தாளை ஒருவர் திருத்திய பின் மற்றொருவர் சரிபார்க்கும் வழக்கத்தை ஆசிரியர்கள் அறிவர். முதலில் திருத்தியவர் கள்வர் என்பதற்காகவா அது நடைபெறுகிறது? மாணவனின் வாழ்வு அதில் இருக்கிறது. ஒரு கண் தவறவிட்டதை மறு கண் காணும். நல்ல தச்சர் பலகையை மூடுமுன் வீட்டாரை அழைத்துக் காட்டுகிறார். மூலைகளைப் புகைப்படம் எடுத்துக் கொடுக்கிறார். காட்டத் தயங்குபவரிடத்தேதான் ஐயம் கொள்ள வேண்டும்.

காணாத இடத்தின் மற்றொரு முகத்தைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று பிரான்சில் உண்டு. ஆல்ப்சு மலைப்பகுதியில், குரோட்சு என்னும் ஊரில் பிகோம்தால் என்ற மாளிகை இருக்கிறது. நூறாண்டுக்கும் மேலாகக் கிடந்த அதன் தரைப்பலகைகளைப் புதிய உடைமையாளர் பெயர்த்தபோது, அவற்றின் அடிப்புறத்தில் எழுத்துகள் காணப்பட்டன. 1880, 1881-ஆம் ஆண்டுகளில் அத்தரையை அமைத்த ஜோவாக்கிம் மார்த்தேன் என்ற தச்சர், எழுபத்திரண்டு குறிப்புகளைப் பென்சிலால் எழுதி, எழுதிய பக்கம் கீழே இருக்குமாறு பலகைகளை ஆணியடித்திருக்கிறார். தம்மைப் படிப்பவர் தாம் இறந்த பின்னரே படிப்பார் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஊராரைப் பற்றியும் பாதிரியாரைப் பற்றியும் ஒளிவு மறைவின்றி எழுதினார். பிறந்த சிசுக்களைக் கொன்று ஒரு தொழுவத்தில் புதைத்த கொடுமையையும் எழுதினார். அதில் தொடர்புடையவன் அவருடைய இளமைக்கால நண்பன். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அவர்கள் சிறை சென்றிருப்பர். அவர் சொல்லவில்லை, பலகைக்கு அடியில் எழுதினார். வரலாற்றாசிரியர் ஒருவர் அக்குறிப்புகளை ஆராய்ந்து 2017-இல் நூலாக வெளியிட்டார்.

இத்தச்சரை எவ்வாறு மதிப்பிடுவது? அவர் பொய் எழுதவில்லை. யாரும் காணாத இடத்தில் உண்மையே பேசினார். ஆனால் அவ்வுண்மை எந்தக் குழந்தையையும் காக்கவில்லை. அவர் மனச்சான்று விழித்திருந்தது. விழித்திருந்து, ஆணியடிக்கப்பட்ட பலகைக்குக் கீழே படுத்துக்கொண்டது. துளையை அடைத்த மகனிடம் அறிவு இல்லை. இவரிடம் அறிவு முழுமையாக இருந்தது, மேலே வரும் துணிவு இல்லை. இருவருள் யார் குற்றம் பெரிது என்று மாணவரிடம் கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரிவதே நல்லது.

இனி, வேலையைச் செய்பவர் ஒருபுறம் இருக்க, செய்விக்க வேண்டியவர் யார் என்ற வினாவும் எழுகிறது. சொந்த வீடாயின் சிக்கல் இல்லை. வாடகை வீட்டில் செலவு உடைமையாளருக்கு, வெதுவெதுப்புக் குடியிருப்போருக்கு. தாம் மிதிக்காத தரைக்காக உடைமையாளர் ஏன் பணம் போட வேண்டும்? இங்கிலாந்திலும் வேல்சிலும் தனியார் வாடகை வீடுகள் எரியாற்றல் தரத்தில் குறைந்தது 'ஈ' நிலையில் இருக்க வேண்டும் என்ற விதி, 2018 ஏப்ரலில் புதிய ஒப்பந்தங்களுக்கும் 2020 ஏப்ரலில் நடப்பு ஒப்பந்தங்களுக்கும் வந்தது. உடைமையாளர் செலவிட வேண்டிய தொகைக்கு 3,500 பவுன் என வரம்பும் கட்டினர். விதி வந்தமை நன்று. எனினும், விதி அளக்காத இடம் எப்போதும் எஞ்சும். 2020 திசம்பரில் ராச்டேல் நகரத்து வாடகைக் குடியிருப்பு ஒன்றில் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. சுவரெங்கும் படர்ந்த பூஞ்சணத்தினிடையே நெடுநாள் வாழ்ந்தமையால் மூச்சுறுப்புகள் கெட்டதே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு கூறியது. பெற்றோர் பன்முறை முறையிட்டிருந்தனர். ஈரத்துக்குக் காரணம் அக்குடும்பத்தின் வாழ்க்கை முறை என்று உடைமையாளர் தரப்பு எண்ணியிருந்தது. சுவரையும் காற்றோட்டத்தையும் பார்ப்பதைவிடக் குடியிருப்பவரைப் பார்ப்பது எளிது. 2023-இல் இயற்றப்பட்ட சட்டத்தில் ஈரம், பூஞ்சணம் பற்றிய புகார்களைக் காலவரையறைக்குள் ஆராய வேண்டும் என்ற பகுதி அக்குழந்தையின் பெயராலேயே வழங்குகிறது.

தேர்ந்த தச்சர் சிலரிடம் ஒரு வழக்கம் உண்டு. தரை முழுவதையும் மூடிவிடாமல், மாடிப்படியின் கீழ் உள்ள சிறு அறையில், ஓர் ஆள் நுழையும் அளவுக்குப் பலகைகளை ஒன்றாக இணைத்து ஒரு மூடி செய்கிறார்கள். ஆணிக்குப் பதில் திருகாணி இடுகிறார்கள். அம்மூடிக்கும் கீழே மறவாமல் காப்பு ஒட்டுகிறார்கள். குளிர்காலம் கழிந்ததும் அதைத் திறந்து, விளக்குடன் இறங்கி, தாங்குகட்டையில் ஈரமானியைக் குத்திப் பார்க்கலாம். இந்த வீட்டுக்காரர் பார்க்காவிட்டால், அடுத்து வருபவர் பார்ப்பார்.